கன்னத்தில் ஏழு தையல்

முத்திருளனின் இடது கன்னத்துத் தழும்பில் வருசத்துக்கு நாலைந்து முறை பனி விழும். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கிற பனி அல்ல, இமயமலையில் கொட்டுகிற வெள்ளைப் பனி. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இறங்கும் அந்தத் தழும்புக்கு ஒரு சாண் மேலே, எங்கிருந்து என்று தெரியாமல் தூறி, தோளில் விழுந்து உருகும். விழாத நாட்களில் தழும்பு சும்மா சில்லென்று இருக்கும். அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வரும் மேலக்கரட்டூரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கத்தரிக்காய் விலை ஏறினால் பேசுவார்கள். அவன் மனைவி ஒச்சாயி, மறுநாளைக்கு வேண்டிய மல்லிகையைத் தொடுத்து அவன் கன்னத்தை ஒட்டித் தலையணையில் வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் மொட்டு மொட்டாகவே இருக்கும். கோடையில் கரண்ட் போனால் பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு மோர்ச் சொம்பைக் கொண்டுவந்து, "அண்ணே, செத்த நேரம் சாய்ஞ்சுக்கங்க" என்று கன்னத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவனும் பேப்பர் படித்தபடி சாய்ந்துகொள்வான்.

தழும்பு மாடு குத்தியது என்று ஊருக்கே தெரியும். அதில் ஒரே ஒரு கோளாறு, மாடு குத்தவில்லை. இருபத்தோரு வருசத்துக்கு முன், ராணுவத்தில் இருந்த முத்திருளன் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நேரம் ஊரில் ஜல்லிக்கட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கன்னத்தில் பெரிய கட்டு, தோளில் பச்சை டிரங்குப் பெட்டி. சுற்றிப் போக வழியில்லாமல் கூட்டத்தின் ஓரமாக நடந்தவனுக்கு எதிரே பேயாண்டியின் மச்சக்காளை வந்துவிட்டது. ஆளாளுக்குத் தெறித்து ஓடினார்கள். முத்திருளன் பெட்டியோடு இடறி விழுந்தான். காளை அவனை மோந்துகூடப் பார்க்கவில்லை, ஒரே தாவாகத் தாண்டிப் போய்விட்டது. விழுந்த வேகத்தில் கட்டு அவிழ்ந்து புண் வெளியே தெரிந்தது. புழுதி அடங்கியபோது பத்துப் பேர் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மூன்று வாரத்துப் புண் அந்த நிமிசமே அன்றைய புண்ணாகிவிட்டது. அதற்குள் தையல் எப்படி வந்தது என்று கேட்ட ஒருத்தனுக்கு, முதலுதவிக் கூடாரத்து நர்சம்மாவின் கை அம்புட்டு வேகம் என்று பதில் சொன்னார்கள். விழாக் கமிட்டி ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல முத்திருளன் வாயைத் திறந்தான், கன்னம் சுள்ளென்று வலித்தது, மூடிக்கொண்டான். இந்த விசயத்தில் அந்த வாய் பிறகு இருபத்தோரு வருசம் திறக்கவில்லை.

மச்சக்காளைக்கு அதனால் வந்த பேர் கொஞ்சநஞ்சமல்ல. பட்டாளத்துக்காரனையே குத்திய மாடு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பேயாண்டி மீசையை முறுக்கப் பழகியதே அப்புறம்தான். வயதாகி மாடு செத்தபோது மேளம் வைத்துப் புதைத்து, சிமெண்டில் சமாதி கட்டி, 'முத்திருளனைக் குத்திய மச்சக்காளை' என்று எழுதி வைத்தார். உண்மையில் அந்த மாடு ஆயுசுக்கும் ஒருத்தரையும் குத்தியதில்லை. முத்திருளனுக்கும் லாபம்தான். வாடிவாசலுக்கு நேர் எதிரே அவனுக்கு நாற்காலி போட்டார்கள். மாட்டிடம் குத்துப்பட்ட மாப்பிள்ளை என்று ஒச்சாயி வீட்டில் மறுபேச்சில்லாமல் பெண் கொடுத்தார்கள்.

அந்தக் கன்னத்தைக் கிழித்தது பதினெட்டாயிரம் அடி உயரத்தில் சரிந்து வந்த பனிக்கட்டியின் விளிம்பு. அந்த மலைக் காவலில் அவனோடு இருந்தவன் திருவாதவூர் இம்மானுவேல். வைத்தியம் தெரிந்த ஆள் கீழ் முகாமில் இருந்தார், மேலே வர வழி மூடிக் கிடந்தது. இம்மானுவேல் பட்டாளத்துக்கு வருவதற்கு முன் ரைஸ் மில்லில் கூலிக்கு நெல் மூட்டை தைத்தவன். அவனுக்குத் தெரிந்த தையல் அது ஒன்றுதான். சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, "அசையாத மாப்ள, நெல்லு சிந்திரும்" என்று சொல்லிக்கொண்டே ஏழு தையல் போட்டான். கைப்பழக்கம் விடுமா? மூட்டையைத் தூக்கப் பிடி வேண்டும் என்று இரண்டு முனையிலும் காது விட்டுத் தைப்பார்களே, அதே மாதிரி கன்னத்திலும் மேலொன்று கீழொன்று காது விட்டுவிட்டான். ஒன்பது நாள் கழித்து, முத்திருளன் தண்ணீருக்காக வெளியே பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, இன்னொரு சரிவு வந்து கூடாரத்தைக் கொண்டுபோனது. உள்ளே இம்மானுவேல் இருந்தான். காயங்களைக் குறித்து வைக்கும் நோட்டும் இருந்தது. இரண்டும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்துதான் தழும்பில் பனி. இம்மானுவேலை நினைத்தால் தூறும். நினைக்காமல் இருக்க அவன் பழகிக்கொண்டான். வருசத்துக்கு நாலைந்து தடவையோடு நின்றது அதனால்தான். தழும்பைப் பற்றி உண்மை சொன்னால் இம்மானுவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் திருவாதவூருக்குப் போக வேண்டும். அங்கே செல்லக்கிளி இருந்தாள், கல்யாணமாகி எட்டே மாதத்தில் இம்மானுவேலைப் பறிகொடுத்தவள். தைத்த கன்னம் திரும்பி வந்துவிட்டது, தைத்த கை வரவில்லை என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதற்கு மாடு குத்தியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை, மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ் போகிற ஊர். இருபத்தோரு வருசம் போகவில்லை.

போன வருசம் தழும்பு சுருங்கி, கீழ் இமையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. தூக்கத்திலும் கண் மூடவில்லை. சதா தண்ணீர் வழிகிறது என்று பாங்கில் செக்யூரிட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ராணுவத்தில் பட்ட காயத்துக்கு ஊனமுற்றோர் பென்சன் உண்டு, எழுதிப் போடுங்கள் என்று முன்னாள் படைவீரர்கள் சங்கத்தில் சொன்னார்கள். ஆதாரமாக எந்தக் காகிதம் இருந்தாலும் சேர்க்கலாம் என்றும் சொன்னார்கள். வினை அங்கேதான் வந்தது. முத்திருளன் எங்கோ மனுப் போடுகிறான் என்று கேள்விப்பட்டதும் ஊர் பாசத்தில் பொங்கிவிட்டது. விழாக் கமிட்டி கூடி, இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் தயாரித்து, முத்திரை குத்தி, நூல் கட்டி ஒட்டியே கொடுத்தது. "மாப்ள, நம்ம லெட்டரப் பாத்தா டில்லியே எந்திரிச்சு நிக்கும்" என்றார் பேயாண்டி. நல்ல குணச் சான்றிதழ் என்று நினைத்து முத்திருளன் அதைப் பிரிக்காமல் மனுவோடு சேர்த்து அனுப்பிவிட்டான்.

மதுரையில் முகாம் போட்டிருந்த மருத்துவக் குழு அவனைக் கூப்பிட்டது. ஒரு டாக்டர் ஸ்கேல் வைத்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார், தோல் உள்சதையோடு ஒட்டியிருக்கிறதா என்று கிள்ளிப் பார்த்தார், மூன்று பக்கமும் போட்டோ எடுத்தார். விரல் விறைத்துப்போனதும் ஏசியைக் குறைக்கச் சொன்னார். பிறகு நூலைப் பிரித்துக் கடிதத்தைப் படித்து, "ஜல்லிக்கட்டா?" என்றார். முத்திருளன் வாயைத் திறந்தான், பழக்கதோசம், மூடிக்கொண்டான். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. 'சொந்த ஊரில் மாட்டு விளையாட்டில் ஏற்பட்ட காயம். பணிக்குத் தொடர்பில்லை.' பென்சன் கிடைக்காததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அந்த வரியில் மலையும் இல்லை, இம்மானுவேலும் இல்லை. அப்படி ஒருத்தன் ஊசி பிடித்து உட்கார்ந்ததே கிடையாது என்று சர்க்கார் முத்திரையோடு எழுதியிருந்தது. முத்திருளன் அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வரை கன்னத்தில் பனி கொட்டியது. முழங்கால் வரை நனைந்துவிட்டான்.

ஒச்சாயி துண்டைக் கொண்டுவந்து போட்டாள். "மாட்டுக் கொம்பு இம்புட்டுக் குளுராதுன்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"சொல்லுவீகன்னு பாத்தேன். நாளு ஓடிப்போச்சு. யாருகிட்டப் போகணுமோ அங்க போங்க. அப்பீலுக்கு ஆறு மாசம்தான் டயம் குடுத்திருக்கான்."

மறுநாள் திருவாதவூருக்குப் போனான். செல்லக்கிளி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள், வாசலில் கன்னத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தாள். காற்றில் கர்ச்சீப் விலகியது. "முத்திருளன் அண்ணன்தானே நீங்க? காது தெரியுது" என்றாள். தைத்த மறுநாளே இம்மானுவேல் எல்லாவற்றையும் அவளுக்கு எழுதியிருந்தான். கூடாரம் போவதற்கு முன் கீழே இறங்கிய கடைசித் தபாலில் அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருந்தது. இப்படி ஒரு கடிதம் இருப்பதே முத்திருளனுக்குத் தெரியாது. அவனை உள்ளே உட்காரவைத்து அதை எடுத்துக் காட்டினாள்.

"மன்னிச்சிரும்மா. வந்திருக்கணும்" என்றான்.

"வந்திருக்கணும்தான். எத்தனை வருசம் பாத்தேன் தெரியுமா? அவரு கடைசியா என்ன சாப்பிட்டாரு, சிரிச்சாரா, கோவமா இருந்தாரா, கேக்கிறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?" அவள் சத்தம் போடவில்லை. கிட்டே வந்து, "தொட்டுப் பாக்கட்டுமாண்ணே?" என்றாள். அவன் தலையாட்டினான். செல்லக்கிளி ஆட்காட்டி விரலால் மேல் காதில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழு இருந்தது. "அவரு கையால தச்சது இது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள். அப்போது வீட்டுக்குள்ளே, டிவி மேலும் அரிசி டின் மேலும் ஒன்றுபோலப் பனி விழ ஆரம்பித்தது. செல்லக்கிளி முதலில் கடிதத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். முத்திருளனும் அழுதான். கடைசியாகச் சாப்பிட்டது பருப்பும் ரொட்டியும், அதில் உப்பில்லை என்று சமைத்த தன்னை இம்மானுவேல் கிண்டல் செய்தான், சிரித்துக்கொண்டுதான் இருந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும் என்று எழுந்தபோது கணுக்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அவளே பெருக்கித் தள்ளினாள். கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை. "அதைத் தனியா அனுப்ப மாட்டேன். மெடிக்கல் போர்டுக்கு நானும் வாரேன்" என்றாள்.

அப்பீல் போட்டதும் நடந்த இரண்டாவது பரிசோதனைக்கு வேறு டாக்டர், மேஜர் சுபலட்சுமி. அதே ஸ்கேல், அதே கிள்ளல், அதே மூன்று போட்டோ. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டர், இமை இழுபட்டிருக்கிறது என்று எழுதிவிட்டு, பழைய ஃபைலைப் புரட்டி, "மாடு குத்துனதுன்னு உங்க ஊரே எழுதிக் குடுத்திருக்கே?" என்றார்.

முத்திருளன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை மூடவில்லை. "இல்லங்க மேடம். மாடு என்னையத் தாண்டித்தான் போச்சு. நான்தான் சொல்லாம இருந்துட்டேன். பேரு கெடைச்சுச்சு, ஒரு குடமும் கெடைச்சுச்சு."

மேஜர் லென்சை எடுத்துத் தழும்பின் மேல் முனையைப் பார்த்தார், கீழ் முனையைப் பார்த்தார், மறுபடி மேல் முனைக்குப் போனார். "இதைத் தச்சது டாக்டர் இல்ல. எங்கப்பா மேலூர்ல மில்லுல மூட்டை தச்சவரு. இப்படிக் காது விட்டுத் தச்சுத்தான் என்னையப் படிக்க வச்சாரு. யாரு தச்சது இது?"

"என் வீட்டுக்காரரு" என்று செல்லக்கிளி எழுந்து கடிதத்தைக் கொடுத்தாள். மேஜர் சத்தமாகவே படித்தார். 'முத்திருளனுக்குக் கன்னம் கிழிஞ்சு போச்சு. நான்தான் ஏழு தையல் போட்டேன். மூட்டைன்னு நெனச்சு ரெண்டு பக்கமும் காது வச்சுப்புட்டேன். அவனுக்கு எவனும் பொண்ணு குடுக்கலேன்னா அந்தப் பாவம் எனக்குத்தான். லீவுல வரும்போது கூட்டிட்டு வாரேன், நீயே எண்ணிப் பாத்துக்க.' படித்து முடிப்பதற்குள் மேசை மேல் பனி விழத் தொடங்கியது. மேஜர் ஃபைலை ஓரமாக நகர்த்தி வைத்து, அலமாரியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். படிவத்தில் குளிர்ச்சிக்குக் கட்டம் இல்லை. 'இதர விவரம்' என்ற இடத்தில், 'தழும்பின் மீது பனிப்பொழிவு, மிதமானது' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'பணியின்போது ஏற்பட்ட காயம். தையலிட்டவர் சிப்பாய் இம்மானுவேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பென்சன் உத்தரவு வந்த அன்றே முத்திருளன் ஊர்க் கமிட்டியில் உண்மையைச் சொல்லி, குடத்தைத் திருப்பி வைத்தான். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்க விதி இல்லை என்று கமிட்டி குடத்தை வீட்டுக்கே அனுப்பிவிட்டது. பேயாண்டிதான் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பெயிண்ட் டப்பாவோடு சமாதிக்குப் போனார். "குத்துற மாடு ஊருக்கு ஒம்பது இருக்கு மாப்ள. பட்டாளத்துக்காரன் விழுந்து கெடக்கான்னு தாண்டிப் போன மாடு என்னுது ஒண்ணுதான்" என்றார். இப்போது அங்கே 'முத்திருளனைக் குத்தாத மச்சக்காளை' என்று இருக்கிறது. முன்னைவிடக் கூட்டம் அதிகம்.

இமைக்கு ஆபரேசன் நடந்தது, கண் நன்றாக மூடுகிறது. அப்படியே தழும்பையும் மறைத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "தையலை மட்டும் பிரிக்காதீங்க சார். அதை எண்ணிப் பாக்க ஒரு ஆளு வரும்" என்று முத்திருளன் சொல்லிவிட்டான். மார்கழி பதினெட்டாம் தேதி, இம்மானுவேல் போன நாளில், செல்லக்கிளி மேலக்கரட்டூருக்கு வருகிறாள். ஒச்சாயி சோறு வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் செல்லக்கிளி விரலை வைத்து எண்ணுவாள், ஏழும் இருக்கும். அந்த ஒருநாள் வீட்டு முற்றம் முழுக்கப் பனி விழும். ஒச்சாயி காயப்போட்ட மிளகாயைக் காலையிலேயே உள்ளே அள்ளி வைத்துவிடுவாள்.