ஏழாம் மாதத்தில் கூரைக்குள் ஒரு குரல்

கிம்சுவானின் இடுப்புப் பட்டை ஏதோ ஆணியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மேலே தகரக் கூரை, கீழே மரப்பலகை உட்கூரை. நடுவில் அவன், தைவானின் தாய்நான் நகரத்து ஆகஸ்டு வெயிலில், அப்பளமாகப் பொரிந்துகொண்டிருந்தான். வலது கை மார்புக்கடியில் மடங்கிச் சிக்கியிருந்தது. அந்தக் கையில் புது ஏசிக்காக இழுத்த வயர், தோல் சீவிய முனையோடு.

ஏசிக்குத் தனி லைன் இழுக்கிறவன் மெயின் பெட்டிப் பக்கத்தைக் கடைசியில்தான் இணைப்பான். கிம்சுவான் அவசரக்குடுக்கை, அதை முதலிலேயே முடுக்கிவிட்டு ஏறியிருந்தான். அணைத்துவைத்த மெயின் சுவிட்ச் ஒன்றுதான் இப்போது அவன் உயிருக்குக் காவல். கூட வந்த மச்சான் கோக்ஹிங், ஏசியின் வெளிப்பெட்டிக்குத் தாங்கி வாங்கக் கிளம்பியவன், பழக்கதோஷத்தில் ஏணியையும் வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

கதவு திறந்தது. வீட்டுக்காரி பிக்யோக் அம்மா அடுத்த வீட்டிலிருந்து திரும்பிவிட்டாள்.

"அம்மா! மேல இருக்கேன்!"

புழுதி அடைத்த அந்தக் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. கீழே காலடி நின்றது. நடப்பதோ சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம், செத்தவர்கள் ஊருக்குள் சுற்றும் மாதம். அந்த மாதத்தில் ஆளில்லாத இடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை. பேய் என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை, 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வார்கள். வாசலில் வண்டியும் இல்லை, ஏணியும் இல்லை. அவள் என்னத்தைக் கண்டாள், பாவம்!

"நல்ல அண்ணன்மாரே, சாயங்காலம் வாசல்ல படையல் வெக்கிறேன். இப்ப போயிடுங்கப்பா."

ஊதுபத்திப் புகை பலகை இடுக்கு வழியே ஏறி வந்தது. அவன் இருமினான். இருமலைக் கேட்டு அவள் இன்னும் பயந்தாள்.

"ஐயோ, மொதல்ல வெளக்கப் போடணும்" என்று முனகிக்கொண்டே மெயின் பெட்டி இருந்த மூலைக்கு நடந்தாள்.

கிம்சுவான் அலறினான். "கரண்ட்ட போடாதே! போடாதே!" அந்த நேரத்தில் மரியாதை எங்கே வரும்?

காலடி பெட்டியருகே போய் நின்றது. பிறகு வந்த குரலில் பயமே இல்லை.

"அடப்பாவி தியம்சாய்! நீதானா?"

தியம்சாய் அவள் புருஷன். செத்து மூன்று வருஷமாகிறது.

"அம்மா, நான் அவரு இல்ல!"

"பொய் வேறயா? நாப்பது வருஷமா இதே பாட்டு. கரண்ட்ட போடாதே, ஃபேன அணை! புள்ள காய்ச்சல்ல புழுங்கிக் கெடந்தப்பவும் அணைச்ச ஆளாச்சே நீ. செத்தும் திருந்தலியே! இப்பப் போடுறேன் பாரு, வீடு பூராவும் போடுறேன்!"

பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கிம்சுவான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் நம்புகிற ஆளாகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றான். "புள்ளைக்குக் காய்ச்சல்... நான் அணைச்சிருக்கக் கூடாது. ஒன்னையும் புழுங்க விட்டிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிடு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. காரணம் உயிர்ப்பயமும்தான். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன், போன வாரம் தன் மனைவி கையிலிருந்து கரண்ட் செலவாகிறதென்று ஏசி ரிமோட்டைப் பிடுங்கியதும்தான்.

பெட்டியின் மூடி சாத்தப்பட்டது. அதனடியில் ஒரு முக்காலி இழுபட்டது. மூச்சு முட்ட முட்ட அவன் காத்துக் கிடந்தான். கடைசியில் வாசலில் வண்டி வந்து நின்றது.

"என்னம்மா, கரண்ட் இன்னும் வரலியா?" கோக்ஹிங்கின் குரல்.

"சுவிட்சத் தொட்டே, கைய ஒடிப்பேன்! ஏணிய எடுத்துட்டு வா. ஒன் மச்சான் மேல மாட்டிக்கிட்டிருக்கான்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேலேர்ந்து மன்னிப்புக் கேட்டான். எங்க வீட்டுக்காரரு செத்தப்புறமும் அதக் கேக்க மாட்டாரு." அவள் மூக்கைச் சிந்தினாள். "அதான் சுவிட்சுக்குக் காவலா ஒக்காந்தேன். அப்பவே தெருவுக்கு ஓடி ஆளக் கூட்டிட்டு வந்திருக்கணும். கொஞ்ச நேரம் அவருதான் கேட்டாருன்னு வெச்சுக்கிட்டேன்."