அடிக்கப்பட்ட பத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் அக்காவுடையது, எனக்கும் தொற்றிக்கொண்டது. அக்கா நாய்ப் பந்தய மைதானத்தில் கால்நடை மருத்துவர். அங்கே ஓடும் கிரேஹவுண்ட் நாய் இனத்தின் வரலாற்றை மைதானத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி, மைதானச் செயலாளர் அவளைக் கேட்டிருந்தார்.

'ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன், எகிப்தியக் கல்லறைச் சுவர்களில்...'

(அக்கா எழுதி, அவளே அடித்த முதல் வரி. சுவரிலிருக்கும் ஒல்லி நாய்தான் இதன் பாட்டன் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லையாம். மரபணுவை ஆராய்ந்தவர்கள் ஐரோப்பிய மேய்ச்சல் நாய்களோடு இதற்கு உறவு காண்கிறார்கள். பெயரிலுள்ள 'கிரே'யை வைத்துச் சாம்பல் நிறத்தையும் தேடாதீர்கள். அது வேறு சொல் என்கிறார்கள்.)

பிரபுக்களின் வேட்டை, பிறகு சுமார் நூறாண்டுகளுக்கு முன் பந்தயத்தில் நாய்கள் துரத்துவதற்காக வந்த இயந்திர முயல் என்று எழுதிக்கொண்டே வந்தவள், ஓட முடியாமல் போகிற நாய்களுக்கு என்ன நடக்கிறது என்று கடைசிப் பத்தியில் எழுதினாள். செயலாளர் அந்தப் பத்தியை மட்டும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். குடும்பத்தோடு படிக்கிற மலராம்.

2

(செயலாளரை முரடராக எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். அவர் யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அதுதான் வயிற்றெரிச்சல்.)

அதே வாரம், மைதானத்துக்குச் சொந்தமான மூன்று வயதுப் பெட்டை நாய் வளைவில் விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டது. எலும்பில் தகடு வைத்தால் நடக்கும், ஓடாது என்றாள் அக்கா. செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். 'காப்பாற்ற இயலாது' என்று அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. உயிரைப் போக்கும் ஊசியைப் போட்டு அக்கா கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

"ஓடாத நாயை வச்சுக்கிட்டு என்ன டாக்டரம்மா பண்றது?"

"ஓடுறதுக்கு முன்னாடி இது என்னவா இருந்துச்சுன்னு எழுதச் சொன்னீங்கல்ல? நாயா இருந்துச்சு. இப்பவும் நாயாத்தான் இருக்கு."

படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, நாயைக் காரில் ஏற்றித் தோழியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தானே தகடு வைத்தாள். மறுநாள் வேலை போயிற்று. மலர் மட்டும், அந்தப் பத்தி இல்லாமல், அவள் பெயரோடு வெளிவந்தது.

3

அக்கா வழக்குப் போட்டு...

செயலாளர் மனம் மாறி...

(இரண்டும் பொய். எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான்: மைதானத்தின் சொத்தான நாயைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. இன்று காலை செயலாளரே வண்டியோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கூடத்தில், கால்கட்டோடு நாய் சோபாவை முழுசாக அடைத்துக்கொண்டு தூங்குகிறது. அக்கா மூடிய வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றபடி என்னைப் பார்க்கிறாள்.

"எழுதினது போதும். எந்திரிச்சு வா."

போகிறேன். மிச்சத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் கதவைத் திறந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.