இந்தத் திரைக்கு அனுமதி இல்லை

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷ வேலை. மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாகப் பதித்து, கடைசியில் பளபளவென்று தேய்த்துக் கொடுக்கும் கை. "பல்லக்கா எதிர்ல வாயத் தொறக்காதே, எது சொந்தம் எது செட்டுன்னு பாத்த உடனே சொல்லிடுவா" என்று கிண்டல் செய்வார்கள். பொய்ப்பல்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். மகளுக்கு நாலு வயது இருக்கும்போது, கட்டிய புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது முதல் ஓட்டைக் குழாய்க்கு ஆள் கூட்டி வந்தது வரை எல்லாம் அண்ணன்தான். கம்பெனிகள் கழித்துக் கட்டும் பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி, துடைத்து, சரிபார்த்து விற்கும் கடை அவருக்கு. ஒயர், பெட்டி, திரை என்று வந்துவிட்டால் அவர் சொன்னதுதான் அவளுக்குச் சட்டம்.

மகள் இப்போது ஹாக்கி கோல்கீப்பர். கூட ஆடும் பெண்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'செவுரு'. அந்த வருஷம் செவுருவின் அணி பெரிய கோப்பையின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. இறுதி ஆட்டத்தை விளையாட்டுச் சேனலில் நேரடியாகக் காட்டுவார்கள் என்ற செய்தி வந்த அதே வாரம், அண்ணன் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மானிட்டரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"உன் டிவி போற காலம் வந்துடுச்சும்மா. ஓரத்துல நெழல் விழுது பாரு."

அவள் பார்த்தாள். நிழல் எதுவும் இல்லை. ஆனால் அண்ணன் விரலை வைத்துக் காட்டியதும் லேசாக ஏதோ இருப்பது போலத்தான் இருந்தது.

"இன்னும் ஒரு மாசம் தாங்காது. பாப்பா மேட்ச் அன்னிக்குப் புட்டுக்கிச்சுன்னா என்ன பண்ணுவே? இது டாக்டர்ங்க எக்ஸ்ரே பாக்குற மானிட்டர். முடி முடியாத் தெரியும். பாக்ஸை இதுல மாட்டிடறேன். பழசை நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டுடறேன், நீ எதுக்கு அலையணும்."

ரிசீவர் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, அதன் நுனியில் வேறு தலை ஒன்றைப் பொருத்தி, மானிட்டரின் முதுகில் திருகி மாட்டினார். மானிட்டருக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பதால் பெட்டியின் சிவப்பு, வெள்ளை ஓட்டைகளிலிருந்து இரண்டு குட்டி ஸ்பீக்கர்களுக்கு ஒயர் கொடுத்தார். செய்தி வந்தது. பாட்டு வந்தது. கண்ணாடி மாதிரி படம்.

"விளையாட்டுச் சேனலும் வருமாண்ணே? அதுக்கு இன்னும் பணம் கட்டி பேக் போடல. மேட்சுக்கு மொத நாள் போடலாம்னு இருக்கேன்."

"ஒரு சேனல் வந்தா எல்லாம் வந்த மாதிரிதான். நான் செஞ்சு வெச்சா தப்பா போகுமா?" என்று சிரித்தார் அண்ணன். டிவியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். குப்பைக்குப் போகும் சாமானுக்கு எதற்குப் போர்வை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அணி இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. சனிக்கிழமை லேபில் அவசர வேலை. மதியம் கேபிள்காரருக்குப் போன் போட்டு விளையாட்டுச் சேனலைத் திறக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் படுத்துவிட்டாள், போட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். லேபிலிருந்து இரண்டு பெண்கள், மகளுக்கு முதன்முதலில் மட்டையைக் கையில் கொடுத்த பி.டி. டீச்சர், கீழ்வீட்டு ஒயர்மேன் என்று அந்தச் சின்னக் கூடம் நிறைந்துவிட்டது. பிஸ்கட்டைத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு, அவள் சேனல் எண்ணை அழுத்தினாள்.

பச்சைத் தரை ஒரு நொடி மின்னியது. அடுத்த நொடி திரை கறுத்துப்போய், நடுவில் வெள்ளை எழுத்து வந்து நின்றது: 'இந்தத் திரைக்கு அனுமதி இல்லை. பாதுகாக்கப்பட்ட நிகழ்ச்சியைக் காட்ட முடியாது.'

ஸ்பீக்கரில் மட்டும் கூட்டம் ஆர்ப்பரித்தது. வர்ணனையாளர் இரண்டு அணிகளையும் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

அவள் வேறு சேனலுக்கு மாற்றினாள். செய்தி தெளிவாக வந்தது. திரும்பி வந்தாள். மறுபடி கறுப்பு. பெட்டியை அணைத்துப் போட்டாள். ஒயர்மேன் எழுந்து மானிட்டரின் பின்பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார். கேபிளைக் கழற்றி மாட்டினார். ஒரு நொடி பச்சை, பிறகு அதே வெள்ளை எழுத்து.

"அக்கா, கேபிள் நல்லாத்தான் இருக்கு. மானிட்டர்தான் பழைய காலத்து ஆளு" என்றார். "இந்த மாதிரி சேனலுக்குக் காப்பி அடிக்க முடியாதபடி பூட்டு போட்டிருப்பாங்க. யாரும் படத்தைத் திருடி வேற எதுலயும் ஏத்திடக் கூடாதுன்னு. படத்தை அனுப்புறதுக்கு முன்னாடி, 'நீ யாரு, எங்க உன் சாவி'ன்னு பாக்ஸு ஒயர் வழியா கேக்கும். டிவியா இருந்தா டக்குனு பதில் சொல்லிடும். இதுக்குக் கேள்வியே புரியல, பேந்தப் பேந்த முழிக்குது. ஒடனே பாக்ஸு கதவைச் சாத்திடுது. செய்திக்கும் பாட்டுக்கும் அந்தப் பூட்டு கெடையாது, அதான் அது வருது."

"அப்ப நான் திருடியா? என் வீட்டுல, என் பொண்ணு ஆடுறதைப் பாக்கறதுக்கு?"

"உங்களை இல்லக்கா. திரையைத்தான் சந்தேகப்படுது."

"பழைய டிவி இருந்தா?"

"தாராளமா வந்திருக்கும்."

லேப் பெண்களில் ஒருத்தி போனை எடுத்து அதில் முயன்றாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஐந்து பேரும் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்தபடி காதால் ஆட்டம் பார்த்தார்கள். "பந்து வட்டத்துக்குள்ள வருது... கோல்கீப்பர் வெளியே வர்றாங்க..." என்று வர்ணனையாளர் மூச்சைப் பிடிக்கும்போதெல்லாம் பல்லக்கா முந்தானையைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டாள். மகள் எந்தப் பக்கம் விழுந்தாள், அடி பட்டதா, எழுந்தாளா, எதுவும் தெரியவில்லை.

அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. நான்கு தடவை. பாவம், கடையில் என்ன வேலையோ என்றுதான் அப்போதும் நினைத்தாள். அவர் வந்து ஏதாவது ஒரு திருகைத் திருகினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருந்தது. பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் ஐந்தாவது தடவை அழைத்தபோது அண்ணி எடுத்தாள்.

"என்னம்மா, உன் பொண்ணு கலக்குறா! இங்க ஒரே கூத்து!"

அண்ணியின் குரலுக்குப் பின்னால் அதே வர்ணனையாளரின் குரல் கேட்டது. இங்கே ஸ்பீக்கரில் அவர் சொன்ன வார்த்தையையே அங்கேயும் சொன்னார்.

"அண்ணி, இங்க படம் வரல. கறுப்பா நிக்குது. அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

"அதுல எப்படிம்மா வரும்? ஸ்போர்ட்ஸ் சேனல் அந்த மானிட்டர்ல வராதுன்னு அவரு அன்னிக்கே சொன்னாரே. கடையில மாட்டிப் பாத்துட்டுத்தானே கொண்டுவந்தாரு. உனக்கு அதெல்லாம் வேணாம், செய்தி வந்தாப் போதும்னு நீதான் சொன்னியாமே." அண்ணி வெகுளியாகப் பேசிக்கொண்டே போனாள். "உன் டிவி இங்க ஜம்முனு ஓடுது. நீ வந்துடேன். கடைக்கு வர்றவங்க எல்லாரும் வந்திருக்காங்க."

பல்லக்கா போனைக் கீழே வைத்தாள். போனில் அண்ணியின் குரல் கூடத்துக்கே கேட்டிருந்தது.

"நீங்க கெளம்புங்க" என்றார் பி.டி. டீச்சர். "கோபத்தை அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல புள்ளையைப் பாருங்க."

போகக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி போயிற்று, நான்காவதும் போயிற்று. ஆட்டம் சமனில் முடிந்தது. இனி ஷூட்அவுட், கோல்கீப்பரும் எதிராளியும் மட்டும் தனித்தனியாக மோதுவார்கள் என்று வர்ணனையாளர் சொன்னதும் அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி ஆட்டோ பிடித்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்பு. உள்ளே தலை தலையாகக் கூட்டம். சுவரில் அவளுடைய டிவி. கீழ் ஓரத்தில் மகள் சின்ன வயதில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. திரையில் மகள், முகமூடியும் கவசமுமாக, கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். கடைசி அடி. எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என் மருமக! பாருங்க, விடமாட்டா பாருங்க!" என்று அண்ணன் கத்தினார்.

அந்த நொடியில் கூட்டம் மொத்தமும் துள்ளி எழுந்தது. பல்லக்காவுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான். எக்கிப் பார்த்தாள், இடுக்கில் பார்த்தாள். ஒரே கூச்சல். தடுத்துவிட்டாள், கோப்பை நமக்குத்தான் என்பதை அவள் மற்றவர்கள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். எல்லாரும் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சின்ன வயசிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் அதிகமாக எரித்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் அவளுக்கு வழி விட்டபடி கேட்டார், "நீங்க யாருங்க, பக்கத்து வீடா?"

அண்ணன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்துப் போய், உடனே சிரிப்பு வந்து மூடிக்கொண்டது.

"அட, வாம்மா, வா! யாராவது ஸ்டூலைப் போடுங்கப்பா."

"கடையில மாட்டிப் பாத்தியாண்ணே?"

"எதை?"

"அந்த மானிட்டரை. இந்தச் சேனல் வராதுன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சொல்லணும்னுதான் இருந்தேன், மறந்து போச்சு. இங்க இத்தனை பேரு வர்றாங்க, எங்க வீட்டு டிவி சின்னது. மேட்ச் முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கலாம்னு... நீ எப்படியும் இங்கதானே வருவேன்னு நெனச்சேன்."

"என்னை நீ கூப்பிடவே இல்லையே."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அண்ணிக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணே. நானே தூக்கிட்டு வந்து மாட்டிக் குடுத்திருப்பேன். எதுக்கு நெழல் விழுதுன்னு சொன்னே?"

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். திரையில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். முகமூடியைக் கழற்றிய மகள் எதையோ தேடுவது போலக் கேமராவைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு பல்லக்கா அங்கே நிற்கவில்லை. பரிசளிப்பு வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லி அண்ணி வாசல் வரை வந்து கையைப் பிடித்தாள். அவள் மெதுவாக விலக்கிவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் மகள் அழைத்தாள். பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும்.

"அம்மா, பாத்தியா? மாமா போன் பண்ணாரு. எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பாத்தோம்னாரு. அந்தக் கடைசிது பாத்தியா, எடது கால்ல வாங்கினேனே?"

பார்த்தேன் என்று சொல்வது சுலபம். வாய் வரை வந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் அத்தனை பொய் போதும் என்று தோன்றியது.

"இல்லடி. காதால கேட்டேன். மாமா பாத்தாரு, நம்ம டிவில" என்று சொல்லி, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மகள் ஏதோ கதவைச் சாத்திக்கொண்டாள் போலிருக்கிறது, பின்னால் கேட்ட பாட்டு நின்றது. "மாமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை டிவி அதே போர்வையில் சுற்றி ஆட்டோவில் வந்தது. அண்ணன் வரவில்லை. அவள் மானிட்டரை அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். ஒயர்மேன் வந்து டிவியை மாட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மகள் பதக்கத்தோடு வந்தாள். இரண்டு நாள் கழித்து, மாமாவைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பல்லக்கா தடுக்கவில்லை. "போயிட்டு வா. உனக்கு அவரு ஒரு கொறையும் வெச்சதில்ல" என்றாள். அரை மணி நேரத்தில் மகள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னடி, அதுக்குள்ள?"

"ஒக்காரப் பிடிக்கல."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

மகள் சற்று யோசித்தாள். "கேட்டாரு. டிவி நல்லாத் தெரியுதான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோதும், அந்த முதுகுகளுக்குப் பின்னால் நின்றபோதும் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.