மந்திரியின் மரண அத்தியாயம்

பதிப்பகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கைக்கு வரும் பிரதியில் பாதியை வெட்டித்தான் அச்சுக்கு அனுப்புவாள். எழுத்தாளர்கள் அவள் மேஜையைத் தாண்டும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவள் ஓர் அத்தியாயத்தில் ஒரு கமாவைக்கூடத் தொடாமல், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அழுதாள். அழுதது ஒரு பூனைக்காக.

இத்தனைக்கும் அவளுக்குப் பூனை என்றாலே ஆகாது. பக்கத்து வீட்டுப் பூனை மாடிப்படியில் காலை உரசிவிட்டால், வீட்டுக்குள் வந்ததும் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் மற்ற வேலை. தட்டில் ஒரு முடி கிடந்தால் போதும், அது கூடவே வாழும் அக்காவின் தலைமுடிதான் என்று தெரிந்தாலும், சாப்பாட்டை அப்படியே தள்ளிவிடுவாள்.

ஆனால் மந்திரியின் கதை வேறு. மந்திரி ஒரு நாவல் வரிசையில் வரும் சாம்பல் நிறப் பூனை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு வீட்டையே நிர்வாகம் பண்ணும். வீட்டுக்காரர் பொய் சொன்னால் முதுகைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்காரி அழுதால் தன் தட்டை வாயால் இழுத்துக்கொண்டு போய் அவள் காலடியில் வைக்கும். எல்லாம் தன் வீட்டுப் பூனையைப் பார்த்து எழுதியது என்று எழுத்தாளர் மேடைக்கு மேடை சொல்வார். வாசகர்கள் அவரை மந்திரியப்பா என்றே கூப்பிட்டார்கள். புத்தகத்தில் மந்திரியை எங்கேயும் 'அது' என்று எழுதக்கூடாது, 'அவன்'தான். ஒருமுறை கத்திரி பழக்கதோஷத்தில் 'அது' என்று மாற்றிவிட, அவர் முதலாளிக்கு போன் போட்டுக் குதித்தார்.

இப்போது வந்திருந்தது கடைசி நாவல். அதில் மந்திரி சாகிறான். நோயில் கிடந்தவனை எழுத்தாளர் இரவு பகலாக மடியில் வைத்திருக்கிறார், பஞ்சால் பால் ஊட்டுகிறார், கண்ணைத் துடைத்துவிடுகிறார். கடைசி மூச்சின்போது மந்திரி தன் முன்னங்காலை அவர் உள்ளங்கையில் வைக்கிறான். 'இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. போன மழைக்காலத்தில் என் மகன் என் மடியில்தான் போனான்' என்று முன்னுரையில் இருந்தது. அதைப் படித்துத்தான் கத்திரி அழுதாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். "நீயே அழுதுட்டியா? அப்போ இது பிச்சுக்கிட்டுப் போகும்."

கடைசிப் புரூஃபில் எழுத்தாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. ஒரு காலை வேளையில் அவளே தாள்கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கூடம் முழுக்க மந்திரி. சுவரில் அட்டைப்படங்கள், மந்திரி முகம் போட்ட தலையணை, மந்திரி முகம் போட்ட பீங்கான் கோப்பைகள். அவர் சென்ட் மணக்க உட்கார்ந்து வேகவைத்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அந்த சென்ட்டையும் முட்டையையும் மீறி வேறொரு வாடை வீட்டுக்குள் இருந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடைபோல, அதோடு புளித்த பாலும் சேர்ந்ததுபோல. அவள் வாயால் மூச்சு விட்டபடி தாள்களைப் பிரித்தாள்.

"முதலாளி சொன்னாரும்மா, நீங்களே அழுதுட்டீங்களாமே!" அவர் முகம் மலர்ந்திருந்தது. "எந்த வரியிலே அழுதீங்க?"

"முன்னங்காலைக் கையில வைக்கிற இடத்துல சார்."

"அதான் நானும் நெனைச்சேன். அந்த வரிக்கு மட்டும் ஒரு வாரம் உக்காந்தேன்." விரலில் ஒட்டிய மஞ்சள் கருவை நக்கிவிட்டு அதே விரலால் பக்கத்தைப் புரட்டினார்.

அவளுக்கு உமட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி, "வலது பக்கம்மா, கடைசியில இருக்கிறது வேண்டாம்" என்று பதறினார். ஆனால் கத்திரி அதற்குள் கடைசிக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள்.

வாடை முகத்தில் அறைந்தது. அது பழைய கழிப்பறை. புழக்கத்தில் இல்லை. உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பாக்கள், ஈரத்தில் நைந்த செய்தித்தாள். அந்தத் தாளின்மேல் ஒரு சாம்பல் நிறப் பிராணி கிடந்தது. இடது கண் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அதிலிருந்து சீழ் வழிந்து முகத்து முடியெல்லாம் சடைபிடித்துக் காய்ந்திருந்தது. பின்னங்கால்களில் மலம் உலர்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் திரிந்த பால். அதில் எறும்புகள் மிதந்தன. அவளைப் பார்த்ததும் அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

பின்னால் எழுத்தாளர் வந்து நின்றார். மூக்கில் கைக்குட்டை.

"இது என்ன சார்?"

"அதைப் பாக்காதீங்கம்மா. அசிங்கம்."

"இது யாரு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுதான்... பழைய பூனை."

"மந்திரியா? உயிரோட இருக்கே!"

"எத்தனை நாளைக்கு? தானாப் போயிடும்னுதான் விட்டிருக்கேன். ஊசி போட்டுக் கொல்ல எனக்கு மனசு வரலை." சொன்ன குரலில் தன் இளகிய மனதைப் பற்றி ஒரு திருப்திகூட இருந்தது. "புரிஞ்சுக்கோங்க. நான் எழுதினேனே, அவன்தான் மந்திரி. இது வெறும் பிராணி. தின்னும், கழியும், சீழ் பிடிக்கும். இதைப் பார்த்தா எனக்கு ஒரு வரி ஓடாது."

"மடியில வெச்சிருந்ததா எழுதியிருக்கீங்க."

"இதையா? மடியிலயா?" நிஜமாகவே அவர் உடம்பு சிலிர்த்துக்கொண்டது.

கத்திரிக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். பூனையால் வந்ததா, பக்கத்தில் நின்ற ஆளால் வந்ததா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மேஜையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது நினைவுக்கு வந்தது. யாரோ மென்று துப்பியதைத் தானும் வாயில் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. அவர் அந்த வரியை எழுதும்போதே இந்தக் கதவு பூட்டியிருந்திருக்கிறது. அவள் அழுதபோதும் பூட்டித்தான் இருந்திருக்கிறது.

"ஒரு துண்டு குடுங்க" என்றாள்.

மனைவி ஒரு பழைய துண்டை நீட்டினார். கதவு திறக்கும் என்று காத்திருந்தவர்போல அதை முன்பே கையில் வைத்திருந்தார். "நான் தெனமும் பால் வெக்கிறேம்மா" என்று முணுமுணுத்தார். "குடிக்க மாட்டேங்குது." அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் தினமும் வைத்ததாகத் தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்திரி ஒரு பூனையைத் தொட்டாள். துண்டுக்குள் அது ஈரத்துணிபோலத் துவண்டது. விரலில் ஏதோ பிசுபிசுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

அவர் தடுப்பார் என்று நினைத்தாள். அவரோ பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய மூச்சு. "எடுத்துட்டுப் போறதும் நல்லதுதாம்மா. வெளிய மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்." உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவில் கொடுப்பதற்காக அடித்த பை. அதில் மந்திரியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்சியில் பாதி வழி போவதற்குள் பூனை பையை நனைத்து, அவள் புடவையையும் நனைத்தது. டிரைவர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். "என்னக்கா அது, செத்ததை எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

"சாகலைங்க. செத்துட்டதா எழுதிட்டாங்க, அவ்வளவுதான்."

கால்நடை மருத்துவர் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா சொட்டு மருந்துலயே போயிருக்கும். வீட்டுல ஒருத்தருமா பாக்கலை?" என்று அவளைத் திட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அக்கா மருந்துக்கடை வைத்திருப்பவள். எதற்கும் அசராதவள். தங்கை பூனையோடு வாசலில் நிற்பதைப் பார்த்து அவளே கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கொரங்கு கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் போடப் போனாள். காய்ந்த மலத்தை அக்காதான் கத்தரித்து எடுத்தாள். கத்திரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பேரு என்னடி?"

"பேரெல்லாம் வேண்டாம். இதுக்குப் பேர் வெச்சதுதான் வினையே."

மறுநாள் முதலாளியிடம் போனாள். பூனை உயிரோடு இருக்கிறது, முன்னுரையை எடுத்துவிட வேண்டும் என்றாள். முதலாளி கொட்டாவி விட்டார்.

"கதைதானேம்மா."

"கதையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. கற்பனையே இல்லைன்னு அவர் கையெழுத்துப் போட்டிருக்காரே, அதைத்தான் சொல்றேன்."

"அதை எடுத்துட்டா அப்புறம் எவன் அழுவான்? நீ அழுதியா இல்லையா?"

புத்தகத்தில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். இனி அவருடைய பிரதியைத் தொட மாட்டேன் என்றாள். முதலாளி அதற்குத் தாராளமாகச் சம்மதித்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புத்தகம் கறுப்புக் கரை போட்ட அட்டையோடு வந்தது. முதலாளி சொன்னதுபோலவே பிய்த்துக்கொண்டு போனது. அலுவலகத்துக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். பூங்கொத்து, மெழுகுவர்த்தி, மந்திரி விரும்பித் தின்றதாக நாவலில் வரும் மீன் டப்பாக்கள். வரவேற்பறையில் வாடிய பூக்கள் அழுகி நாறத் தொடங்கின. மீன் டப்பாக்களைக் கத்திரி யாரையும் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாள். பூனை, தன் இழவுக்கு வந்த மீனைச் சப்புக்கொட்டித் தின்றது. தின்னும் சத்தம் தாங்காமல் அவள் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். அட்டையைத் தடவியபடி விம்மினார். கத்திரிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அழாதீங்க. அந்தப் பூனை சாகலை. என் வீட்டுல இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

அவர் அழுகையை நிறுத்தினார். சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் கடுகடுவென்று ஆனது.

"என்னம்மா பேசறே? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவரு. பறிகொடுத்துட்டு நிக்கிறாரு. உனக்கு அவர்மேல என்ன காய்ச்சல்?"

"கழிப்பறையில போட்டுப் பூட்டி வெச்சிருந்தாருங்க. நான் கண்ணால பாத்தேன்."

"சீ!" என்றார் அவர். எழுத்தாளரைச் சொல்லவில்லை. அவளைத்தான். "இந்த மாதிரி சேதியெல்லாம் நான் கேட்டேனா?" கொண்டுவந்த பூங்கொத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அவளைப் பற்றி ஒரு புகாரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாதமே கத்திரி வேலையை விட்டாள். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்கள் போடும் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கே ரயில்கள் எதிரும் புதிருமாக ஓடின, தொட்டிகள் நிரம்பின, காலியாயின. யாரும் யாருடைய மடியிலும் சாகவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பூனை தேறியது, ஆனால் அழகாகவில்லை. கண் இருந்த இடம் தைத்த பைபோலச் சுருங்கிக் கிடந்தது. முதுகில் திட்டுத்திட்டாக முடி முளைத்தது. யாருடைய துக்கத்தையும் அது கண்டுகொள்ளவில்லை. அக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது அவள் செருப்பின் மேல் வாந்தி எடுத்தது. கத்திரி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வைதுகொண்டே, தினமும் அது கழியும் மண்தட்டை மாற்றினாள். "பிடிக்கலைன்னா யாருக்காவது குடுத்துடேன்டி" என்று அக்கா சொன்னபோது, "பிடிக்கணும்னு என்ன இருக்கு? சோறு போட்டாப் போதாதா?" என்றாள்.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் வந்தார். கூடவே கேமராவோடு ஒருவர். மந்திரியின் வாரிசு என்று புது வரிசை தொடங்குகிறாராம். அட்டைக்கு அதே சாம்பல் நிறத்தில் பூனை வேண்டுமாம். எங்கு தேடியும் சரியாக அமையவில்லையாம். வீட்டுக்காரிதான் யோசனை சொன்னாளாம். கேட்பதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பூனை கூடத்தின் நடுவில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, இருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அவர் முகம் கோணியது.

"ஐயையோ, என்னம்மா இது இந்த மூஞ்சி? இதைப் போட்டா யார் வாங்குவாங்க?"

"விக்கிறதுக்கு வெச்சிருக்கோம்னு யார் சொன்னா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

கேமராக்காரர் ஏற்கெனவே கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்தாளர் எழுந்தார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க நல்ல ரசிகைம்மா. எதிலயும் அழாத நீங்க அழுதீங்க பாருங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். புதுசுலயும் அப்படி ஒரு இடம் இருக்கு..."

"போயிட்டு வாங்க சார்" என்றாள் கத்திரி. பிறகு, "வராதீங்க" என்று சேர்த்துச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பின்கட்டுக்குப் போய் வாளியில் ஃபினாயிலைக் கலந்து எடுத்துவந்தாள். அவர் உட்கார்ந்த நாற்காலியின் முன்னால் மண்டிபோட்டு, இருக்கை, சாய்மானம், கைப்பிடி என்று அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.

அக்கா வந்து பார்த்தாள். "அந்த நாற்காலியில பூனை ஏறவே இல்லையேடி."

"தெரியும்" என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல்.