பாசி பிடிக்காத இடம்

ஒரே கரண்டி பிளீச்சிங் பவுடரில் பதினோரு மீன்களைக் கொன்றிருந்தார் தாஜுதீன். அதற்கான தகுதி அவருக்கு நிறையவே உண்டு. சார்ஜாவில் பத்தொன்பது வருடம் நீச்சல் குளம் கழுவியவர். சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் மட்டும் ‘வாட்டர் இன்ஜினியர்’. அரபிகளின் குளத்தில் ஒரு பொட்டுப் பாசியை விட்டுவைக்காதவருக்கு, சொந்த வீட்டு ஜன்னலோரம் மீன்தொட்டி பச்சை பிடித்துக் கிடந்தது மானப் பிரச்சினையாகிவிட்டது. நீச்சல் குளத்தில் மீன் இருக்காது என்கிற சின்ன விஷயத்தை மட்டும் இன்ஜினியர் மறந்துபோனார்.

அதுவும் லேசுப்பட்ட பாசி இல்லை. பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தார், காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டினார். ஒரு வாரம் போக்குக் காட்டிவிட்டு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரம்பலூரில் மீன் கடை வைத்திருக்கும் பிரசாத்திடம் போய் முறையிட்டார்.

“தொட்டிய ஜன்னல விட்டுத் தள்ளி வைங்க பாய். வெயில் படலன்னா பாசி தானா போயிரும்.”

அதை வந்து மகள் மர்வாவிடம் சொன்னார். “அது அங்கயே இருக்கட்டும் அத்தா” என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாசி பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கக் கண்ணாடியில் ஹஃபீசாவின் செல்போன் சாய்ந்திருந்த இடம். ஹஃபீசா, தாஜுதீனின் மனைவி. இறந்து மூன்று மாதமாகிறது. வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலை அதுதான் என்று எந்நேரமும் போனை அங்கேதான் நிறுத்தி வைத்திருப்பாள். இப்போதும் சார்ஜர் வயரோடு அங்கேயே நின்றது. மர்வா யாரையும் எடுக்க விடுவதில்லை. ஒருநாள் தாஜுதீன் தூசி தட்ட எடுத்தபோது, பச்சைக்கு நடுவே போன் அளவுக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. “போன் கதிர்ல பாசி செத்துப்போவுது போல” என்று சிரித்தார். மர்வா சிரிக்கவில்லை. போனை வாங்கி அதே இடத்தில் வைத்தாள்.

கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. “வாசல் தாண்டுனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.” ஹஃபீசா கடைசிவரை அதைத் தட்டியதில்லை. குன்னத்துக் கல்யாணமோ ரேஷன் கடையோ, சார்ஜாவுக்குத் தகவல் வந்துவிடும். “என்ன பாய், ஊட்டுல பால் வாங்கியாச்சா?” என்று அறையில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் ரகசியப் பெருமை.

அவள் இறந்த அன்று, மதிய லுஹர் தொழுதுவிட்டு, லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது ஆறு தவறிய அழைப்புகள். ஏழாவது, ஓய்வறையில் போய்ப் படுத்ததும் கையில் இருக்கும்போதே அடித்தது. நல்ல அசதி. ரேஷன் கடையாகத்தான் இருக்கும் என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் புரண்டு படுத்தார். சாயங்காலம் மச்சான் கூப்பிட்டு ஹஃபீசாவின் மௌத்துச் செய்தியைச் சொன்னார். திருச்சியில் விமானம் இறங்குவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அந்த ஏழாவது அழைப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் மட்டும் அவ்வப்போது கேட்பார்: “அன்னக்கி எதுக்குக் கூப்ட்டா உங்கம்மா?”

“சும்மாதான்த்தா.”

இப்போது மர்வா டீ வடிகட்டியால் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈயத்தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றும் ஆனதும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாப் பாசியும் போயிருச்சாத்தா?”

“ஒரு பொட்டு இல்லம்மா.” வாய் தவறி அதில் கொஞ்சம் தொழில் பெருமையும் வந்துவிட்டது. அவருக்கே கூசியது. அந்தக் கூச்சத்தில் வேறெதுவும் தோன்றாமல் பழைய கேள்வியையே கேட்டார். “அன்னக்கி எதுக்கும்மா கூப்ட்டா?”

மர்வா வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

“நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வந்து வாசல்ல நின்னுச்சு. ‘அத்தா போன எடுக்கட்டும், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்’னு சொல்லி இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல.”

“எவ்ளோ நேரம்?”

“ஒன்னேகால் மணி நேரம்த்தா.”

தாஜுதீன் போனை மெல்ல எடுத்தார். ஈர விரலால் கண்ணாடியைத் தடவினார், மேலே, கீழே, ஓரத்தில். எல்லாமே பளிச்சென்று இருந்ததில், பாசி பிடிக்காத அந்த இடம் எது என்று தெரியவில்லை. ஜன்னல் வெயில் எதிலும் தடுக்காமல் தொட்டிக்குள் நுழைந்து, மீனில்லாத தண்ணீரைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.