யுரேனஸ் தளபதியின் முகம்

"பூமிக்கோளில் வசிக்கும் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், யுரேனஸ் கோளின் மாபெரும் தளபதியும், ஏழு விண்வெளிப் போர்களில் களம் கண்டு ஏழிலும் வீரத்தோடு தோற்றவரும், எங்கள் கழகத்தின் ஆயுட்காலக் கௌரவத் தலைவருமான…"

டாக்டர் எவரார்தோ தாளைப் பார்த்து இதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஓதிலியா தன் அப்பாவின் கழுத்துப் பித்தானைப் போடப் போராடிக்கொண்டிருந்தாள். கழுத்து உப்பியிருந்தது. பித்தான் துளைக்குள் போவேனா என்றது.

"டாக்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

டாக்டர் அரை அடி நகர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிரபஞ்சம் ஈடுசெய்ய முடியாத இழப்பைச் சந்தித்திருக்கிறது என்றார். பிரபஞ்சத்தின் சார்பில் பேசும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தொழில் பல் பிடுங்குவது. மீதி நேரத்தில் அண்டவெளித் திரைப்பட நேசர் கழகத்தின் நிரந்தரத் தலைவர். கழகத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"பிரபஞ்சம் கிடக்கட்டும்," என்றாள் தோன்யா செனாய்தா. ஜெபமாலை சொல்ல வந்தவள். அந்த வட்டாரத்தில் அவள் இல்லாமல் யாரும் ஒழுங்காகச் செத்ததில்லை. "பெட்டிக்குப் பக்கத்துல வைக்க ஒரு போட்டோ எங்க? மூஞ்சி இல்லாம யாருக்காக ஜெபம் பண்றது?"

நேற்று மாலை அவள் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பா நாற்காலியிலேயே போய்விட்டார். அப்போதிலிருந்து அவள் தேடிக்கொண்டிருப்பது அந்த ஒரு போட்டோவைத்தான். எண்பத்தைந்து செப்டம்பர் நிலநடுக்கத்தில், நகரத்தின் ரோமா பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடம் தரையோடு தரையாகப் படுத்தது. ஆட்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அலமாரி வரவில்லை. மிச்சம் முதியோர் அட்டையில் ஒட்டிய படம் ஒன்றுதான். அதில் அப்பா, குமெர்சிந்தோ பராகான், கோழி திருடிப் பிடிபட்டவரைப்போல விழித்துக்கொண்டிருந்தார்.

கல்லறைக் கல்லில் பதிக்க நீள்வட்டமாக ஒரு முகம் வேண்டும். கல் வேலைக்காரர் நேற்றே கேட்டுவிட்டார். ஓதிலியாவுக்கு அட்டைப் படம் வேண்டாம். அவள் சிறுமியாக இருந்தபோது குனிந்து செருப்பு வார் மாட்டிவிட்ட அந்த முகம் வேண்டும். அது எப்படி இருந்தது என்று யோசித்தால், கொஞ்ச நாளாகவே, அட்டைப் படம்தான் குறுக்கே வந்து நின்றது.

கழகத்தார் தங்கள் பங்குக்கு, அப்பா நடித்த பழைய படத்தின் ஆளுயரச் சுவரொட்டி ஒன்றைச் சட்டம் போட்டுச் சுமந்து வந்திருந்தார்கள். தகர உடம்பு, தகரத் தலை, மார்பில் சைக்கிள் விளக்கு. தோளில் மயங்கிக் கிடக்கும் பொன்னிறக் கூந்தல்காரி.

"கொதிகலனுக்கு முன்னாடி முட்டி போட்டு நான் ஜெபமாலை சொல்ல மாட்டேன்," என்றாள் செனாய்தா.

"தோன்யா, அது கொதிகலன் இல்ல. தளபதியோட போர்க்கவசம்."

"எங்க வீட்டுக் குளியலறையில அதே மாதிரி ஒரு தளபதி இருக்காரு. வெந்நீர் தர்றாரு. இவரு என்ன தந்தாரு?"

அவள் சொன்னதில் பாதி உண்மை. கவசத்தைச் செய்தவர் கொதிகலன் தட்டுகிற தகர வேலைக்காரர்தான். அளவெடுக்க நேரமில்லாததால் கண்ணுக்கான ஓட்டைகள் நெற்றிக்கு நேராக விழுந்துவிட்டன. ஆறு வருடம், ஏழு படம், குமெர்சிந்தோ தன் சொந்தச் சப்பாத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நடந்தார். நகரத்துக்குத் தெற்கே கறுத்துக் கிடக்கும் எரிமலைப் பாறைக்காடுதான் யுரேனஸ். அங்கே கதாநாயகியைக் கடத்திக்கொண்டு ஓடும்போது, கடத்தப்பட்டவளே அவர் தோளில் தொங்கிக்கொண்டு, "இடது பக்கம்… இன்னும் இடது… இங்க பள்ளம்," என்று கிசுகிசுத்துக்கொண்டே வருவாள். அவருடைய குடலிறக்கம் அந்தக் காலத்துச் சம்பாத்தியம்.

குரலும் அவருடையதில்லை. யாரோ ஒரு வானொலி அறிவிப்பாளர் பின்னால் வந்து பேசிவிட்டுப் போனார்.

ஓதிலியாவுக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். திரையில் தகர மனிதன் வந்ததும், "அதான் உங்கப்பா," என்றாள். ஓதிலியா நாற்காலிமேல் ஏறி நின்று, "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். அரங்கம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "கொதிகலனக் கட்டிக்கிட்டு உன் அம்மாவுக்கு ரொம்ப சூடா இருந்திருக்குமே!" என்று கூவினான். அதற்குப் பிறகு அவள் அந்தப் படங்கள் எதையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா சோப்பு விற்கும் பயணி என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது தெரியும். ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்தவர், ஆசிரியை கேட்டதும், கண்ணிமைக்காமல் சோப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவர் நடித்ததில் அதுதான் சிறந்த நடிப்பு. பார்த்தவர்கள் இரண்டு பேர்.

"அவரோட முகம் ஒரு படத்துல இருக்கு," என்றார் நாபோர்.

எல்லோரும் திரும்பினார்கள். நாபோர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்ப்பவர். கழகத்தின் படம்காட்டும் கருவி அவர் பொறுப்பு. வந்ததிலிருந்து வாசலோரம் இனிப்பு ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் நிறுத்தியிருந்தார்.

"நாபோர்!" என்றார் டாக்டர், பல்லில் அடிபட்டவரைப்போல.

"இருக்குது டாக்டரே. எத்தன நாளைக்கு மறைக்கிறது? 'யுரேனஸ் தளபதியின் பழி'ல, கடைசியில அவரு சாகும்போது, தலைக்கவசம் கழண்டு விழும். ரெண்டு செகண்டு."

"எனக்கு ஏன் இத யாரும் சொல்லல?" என்றாள் ஓதிலியா.

கழக விதிகளில் முதல் விதி அதைத் தடுத்தது. முகமூடி போட்டு மல்லுக்கட்டுகிறவர்களை முகமூடியோடே புதைக்கிற நாடு இது. முகத்தைக் காட்டினால் வீரன் போனான், மிஞ்சுவது பக்கத்து வீட்டுக்காரன். அதனால் மாதம் ஒருமுறை அந்தப் படத்தை ஓட்டும்போதெல்லாம், அந்த இரண்டு விநாடிக்கு நாபோர் தன் உள்ளங்கையால் கருவியின் கண்ணாடியை மறைப்பார். குமெர்சிந்தோ முதல் வரிசையில், கௌரவ விருந்தினர் நாற்காலியில், மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்.

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொன்னதில்ல," என்றார் டாக்டர். "விதிய மதிச்சாரு."

நாபோர் காபிக் குவளையைக் கீழே வைத்தார். "அந்த எடம் வந்தா மட்டும் அவரு திரையப் பாக்க மாட்டாரு, ஓதிலியா. திரும்பி என் கையப் பாப்பாரு. ஒவ்வொரு தடவையும்."



"எனக்கு அந்தப் படம் வேணும்," என்றாள் ஓதிலியா.

கழகம் முற்றத்துக் குழாயடியில் அவசரக் கூட்டம் போட்டது. பதினொருவரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இருவரும், எட்டாண்டில் முதல்முறையாக, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். விதியை மீறுவதுகூடப் பெரிய சிக்கலில்லை. சுவரில் ஓடுகிற முகத்தைக் கல்லில் பதிக்க முடியாது. நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும். கருவியில் சூடு தடுக்கிற கண்ணாடி என்றோ விரிசல் விட்டு உதிர்ந்துபோயிருந்தது. ஓடுகிறவரைக்கும் கவலையில்லை. நிறுத்தினால், விளக்குச் சூட்டில் பிலிம் மூன்று நான்கு விநாடிக்குமேல் தாங்காது. அந்தப் படத்துக்கு வேறு பிரதி இருப்பதாகக் கழகத்துக்குத் தெரியாது.

நான்குக்கு மூன்று என்று முடிவானது. நான்காவது கை டாக்டருடையது. அவர் அதைத் தூக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குள் கருவி வந்தது. மூன்று மணிக்கு அடக்கம். ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். பெட்டிக்கு மேலே, சிலுவைக்குக் கீழே, ஓதிலியா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்து மாட்டினாள். மெழுகுவர்த்திகளை அணைக்கச் சொன்னார் நாபோர்.

"தொட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன்," என்றாள் செனாய்தா. "ஆத்மா வழி தெரியாம தடுமாறும். அவருதான் உயிரோட இருந்தப்பவே வழி தெரியாம நடந்தவராச்சே."

நான்கு மெழுகுவர்த்தியும் எரிய, படம் ஓடத் தொடங்கியது. டாக்டர் நோயாளிகளின் பற்களைப் படம் பிடிக்கிற கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓதிலியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பறக்கும் தட்டு வந்தது. சட்டி மூடிகள் இரண்டை ஒட்டிச் செய்தது. அது தொங்கிய கயிறு, விரிப்பின் சுருக்கத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

"கயிறு தெரியுதே," என்றாள் செனாய்தா.

"எனக்கு ஏழு வயசுலயும் தெரிஞ்சுது," என்றார் டாக்டர். அவர் குரலில் அறிவிப்பு இல்லை. "எங்க வீட்டுல அப்போ தினம் சண்டை. ஞாயித்துக்கிழமை காலையில கொட்டகையில போய் உக்காருவேன். கயிறு தெரியும். கயிறு புடிச்சவன் கையும் ஒரு எடத்துல தெரியும். நாங்க எரநூறு பசங்க. ஒருத்தன்கூட அதப் பத்தி மூச்சு விட மாட்டோம். சொன்னா தட்டு விழுந்துடும்னு ஒரு பயம்."

செனாய்தா அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விண்வெளி அரக்கன் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தபோது மட்டும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

தகர மனிதன் வந்தான். முழங்காலை மடக்காமல், ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி வந்தான். தோளில் கிடந்தவளின் உதடுகள் அசைந்தன. இடது, இன்னும் இடது. ஓதிலியா முன்னால் சாய்ந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கத்தவில்லை. கைக்குட்டையின் ஓரத்தை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வருது," என்றார் நாபோர். "தயாரா?"

தகர மனிதன் பாறையில் சாய்ந்தான். அறிவிப்பாளரின் கனத்த குரல், பூமி வாசிகளே, நான் மன்னிக்கிறேன், என்றது. தலைக்கவசம் சரிந்து உருண்டது.

"நிறுத்துங்க," என்றாள் ஓதிலியா.

நாபோர் நிறுத்தினார்.

அப்பாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளைவிடச் சின்னவர். முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, வியர்வை மூக்கு நுனியில் நின்றது. சாக வேண்டியவர் சாகவில்லை. அவ்வளவு நேரம் இருட்டில் இருந்துவிட்டு வந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவுக்கு அந்தப் பக்கம் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். யாராவது தண்ணீர் தருவார்களா என்று பார்க்கிற முகம். கேட்கக் கூச்சப்படுகிற முகம்.

டாக்டரின் கேமரா பளிச்சிட்டது. அறை முழுவதும் ஒருகணம் வெளுத்தது.

"படம் விழுந்துடுச்சு," என்றார் டாக்டர்.

பிறகு கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அது விரிந்து, கொப்பளித்து, மூக்கைத் தின்று, கண்ணுக்குப் போனது. ஓதிலியா எழுந்துவிட்டாள். நாபோர் விளக்கை அணைப்பதற்குள் விரிப்பில் வெள்ளை வெளிச்சம் மட்டும் இருந்தது. கருகிய பிலிம் நாற்றம் சம்பங்கி வாசத்தோடு கலந்தது. கழகத்தார் ஏழு பேரும், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றார்கள்.

செனாய்தா முட்டி போட்டாள். ஜெபமாலையை ஆரம்பித்தாள். மூன்று மணிக்கு அடக்கம் செய்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பெட்டி இருந்த இடத்தில் வழக்கப்படி தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டிருந்த சிலுவையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். கையில் பெரிய உறை. இந்தமுறை வாசிக்கத் தாள் எதுவும் கொண்டுவரவில்லை. உறையை மேசைமேல் வைத்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பல்லு எடுக்குற கேமரா, ஓதிலியா," என்றார். "அது எப்பவும் பளிச்சுனு அடிக்கும். எனக்கு… அது விரிப்புல இருந்த முகத்த அழிச்சிடும்னு எனக்குத் தோணவே இல்ல."

"உக்காருங்க டாக்டர். காபி தர்றேன்."

அவர் உட்காரவில்லை. அவர் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டு ஓதிலியா கையைப் பாவாடையில் துடைத்து உறையைப் பிரித்தாள்.

படுக்கை விரிப்பின் சுருக்கங்கள் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.