பாஸுவின் கருங்கல்

எங்கள் ஊர்ப் பேரீச்சந் தோப்புகளில் கோடை பிறந்தால் தேள் கிளம்பும். கூடவே பாஸுவின் வாயும் கிளம்பும். மொராக்கோவின் தெற்குக் கோடியில் இருக்கிற இந்த ஊருக்கு நான் நர்ஸ். பாஸுவுக்கு ஒரு வேலையும் இல்லை. தேள் கொட்டிய தன்னை ஒரு சின்னக் கருங்கல் காப்பாற்றிய கதையைப் புதினா டீக்கடையில் உட்கார்ந்து இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடிவாயில வெச்சேன், அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு. விஷத்த உறிஞ்சிட்டுத் தானா விழுந்துச்சு. நான் செத்தா போயிட்டேன்?”

“உங்களக் கொட்டுனது மஞ்சத் தேளு. கல்லு வெக்காட்டியும் பொழச்சிருப்பீங்க” என்றேன். “ஆறு கோடையா எழுதி வெச்சிருக்கேன். முந்நூத்திப் பதினோரு பேரு. மஞ்சத் தேளு கொட்டி ஒருத்தரும் சாகல. கறுப்புத் தேளு கொட்டி நாலு பிள்ளைங்க போச்சு. அதுல மூணுக்கு நீங்க கல்லு வெச்சீங்க.”

“ஏம்மா, நோட்டுல இருக்கறது பெருசா, நான் பட்டது பெருசா?”

கடையே சிரித்தது.

“அந்தப் பிள்ளைங்களும் பட்டதுங்கதான். செத்ததுங்க வந்து டீ குடிச்சிக்கிட்டுக் கதை சொல்லாது.”

சிரித்தவர்களில் ஹம்முவும் ஒருவன். அடுத்த வாரம் அவனுடைய ஐந்து வயது மகள் இத்தோவைக் கறுப்புத் தேள் கொட்டியது. என் ஆஸ்பத்திரி அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாஸுவிடம் ஓடினான். ஒன்றரை மணி நேரம் கல் ஒட்டியிருந்தது. வாந்தி நிற்காமல், உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் சில்லிட்டதும், அவன் மனைவி ஃபத்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிருக்குப் போராடி இத்தோ பிழைத்தாள்.

திரும்பி வந்ததும் ஹம்மு ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் பாஸுவின் வாசலில் கட்டினான்.

“கல்லு இல்லேன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் உசிரு தாங்கியிருக்குமா?” என்று பாஸு கடையில் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

“உங்களுக்குச் சம்பளம் வருது நர்சம்மா, அவருக்கு யாரு குடுப்பா?” என்றான் ஹம்மு.

மறுநாள் ஃபத்மா தனியாக வந்தாள்.

“டீக்கடையில சொன்னீங்களாமே, செத்துப்போன அந்த நாலு பிள்ளைங்க, அவங்க பேரச் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அவள் என்னோடு சேர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.